பணம் கொடுத்தால் பெயரும் போய்விடுமா?

ஒருவர் தன் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் திண்ணையை இடிக்கிறார். வாசலை வேறு பக்கம் மாற்றுகிறார். பச்சை வர்ணத்தை அழித்துவிட்டு மஞ்சள் அடிக்கிறார்.

விற்றவர் ஓடிவந்து, "ஐயையோ! அது என் தாத்தா வைத்த வாசல். அதை மாற்றாதீர்கள்" என்று தடுக்க முடியுமா?

முடியாது. பத்திரம் எழுதியாயிற்று. பணமும் எண்ணி வாங்கியாயிற்று. மாட்டை விற்றாலும் அப்படித்தான். வண்டியை விற்றாலும் அப்படித்தான்.

ஆனால் ஒரு கதையை விற்றால்? ஒரு பாட்டை எழுதி விற்றால்? ஒரு சிலையைச் செய்து விற்றால்?

இங்கே சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. "நீ பணம் வாங்கிக்கொண்டது உண்மைதான். ஆனாலும் அதைப் படைத்தவன் நீ. அந்தப் பெயர் உன்னுடையது. யாராவது அதைச் சிதைத்து உன் மானத்துக்குக் கேடு செய்தால், தடுக்கும் உரிமையும் உன்னுடையது." இதுதான் சட்டத்தின் கருத்து.

இதற்குத் தார்மீக உரிமை என்று பெயர்.

இப்படி ஒரு உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. எழுதுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. பாடுகிறவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் தெரியாது. இருப்பது தெரிந்தால்தானே, பறிபோவது தெரியும்?

57-வது பிரிவு

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் நிறைவேறியது. 1958 ஜனவரி 21-ந் தேதி அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் பெரும் பகுதி பணத்தைப் பற்றியது. யார் அச்சிடலாம், யார் விற்கலாம், யார் சினிமா எடுக்கலாம் என்பதெல்லாம் அதில் வரும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரையும், அவர் இறந்து 60 ஆண்டுகள் வரையும் அந்த உரிமை உண்டு. அதை விற்கலாம். வாடகைக்கு விடுவது போல் சில காலத்துக்குக் கொடுக்கலாம்.

57-வது பிரிவு மட்டும் பணத்தை விட்டு விலகி நிற்கிறது. "இது நான் செய்தது" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அது கொடுக்கிறது. படைப்பை வெட்டியோ திரித்தோ நற்பெயரைக் கெடுத்தால், தடை கேட்கவும் நஷ்டஈடு கேட்கவும் வழி செய்கிறது. பதிப்புரிமையை முழுவதும் விற்ற பிறகும் இந்த உரிமை உண்டு என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. படைத்தவர் இறந்துவிட்டால், அவருடைய வாரிசுகள் கேட்கலாம்.

பிரான்ஸ் தேசத்தில் வளர்ந்த எண்ணம் இது. 1928-ல் ரோம் நகரில் நடந்த மாநாட்டில், பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தத்திலும் இடம் பெற்றது.

"பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பணம் வந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் டெல்லியில் நடந்த ஒரு கதையைக் கேட்க வேண்டும்.

குடோனுக்குப் போன சிற்பம்

டெல்லியில் விஞ்ஞான பவன் என்ற மண்டபம் இருக்கிறது. பெரிய மாநாடுகள் நடக்கும் சர்க்கார் மண்டபம் அது. அதன் சுவரை அலங்கரிக்க ஒரு சிற்பம் வேண்டும் என்று மத்திய சர்க்கார் விரும்பியது. 1957-ல் அமர்நாத் சேகல் என்ற சிற்பியிடம் அந்த வேலையை ஒப்படைத்தது.

சேகல் வெண்கலத்தில் வேலை செய்தார். சிற்பத்தின் நீளம் சுமார் 140 அடி. உயரம் 40 அடி. நாலு பஸ்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளம் வருமோ, அவ்வளவு நீளம்! 1962-ல் வேலை முடிந்தது. வெளிநாட்டு விருந்தாளிகளும் நம் நாட்டுத் தலைவர்களும் அதைப் பார்த்துக்கொண்டே மாநாட்டுக்குள் போனார்கள்.

1979-ல் மண்டபத்தில் மராமத்து வேலை நடந்தது. சிற்பத்தைச் சுவரிலிருந்து பெயர்த்தார்கள். குடோனில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

சிற்பிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கடிதம் போடவில்லை.

பெயர்த்ததில் சிற்பம் உடைந்தது. சில பாகங்கள் காணாமலே போயின. விஷயம் தெரிந்ததும் சேகல் முறையிட்டார். பலன் இல்லை. 1992-ல் டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார்.

சர்க்காரின் வாதம் எளிது. "பணம் கொடுத்து வாங்கினோம். அது எங்கள் பொருள். சுவரில் வைப்போம், குடோனிலும் வைப்போம்" என்பதுதான் அதன் சாரம். வீட்டுக்காரர் பேசும் அதே பேச்சு!

2005 பிப்ரவரி 21-ந் தேதி தீர்ப்பு வந்தது. சர்க்காரின் வாதத்தை ஐகோர்ட்டு ஏற்கவில்லை. பொருள் சர்க்காருடையதாக இருக்கலாம். ஆனால் ஒரு கலைஞன் படைத்த அரிய படைப்பை உருக்குலைப்பது அவனுடைய உரிமையை மீறிய செயல் என்று ஐகோர்ட்டு சொன்னது. மிச்சம் இருந்த பாகங்களைச் சிற்பியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நஷ்டஈடாக ரூ.5 லட்சம் கொடுக்கவும் சொன்னது.

அப்போது சேகலுக்கு வயது 83. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007-ல் அவர் காலமானார்.

குடோனில் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கால் உடைந்த நாற்காலியை எடுத்துப் போடுவது போல் போட்டிருப்பார்கள். ஒரு மனிதன் ஐந்து வருஷம் உழைத்துச் செய்தது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் வேதனை. 1979-ல் ஒரு தபால் போட்டிருந்தால், அவரே வந்து தன் கையால் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்திருக்க மாட்டாரா?

நாவலும் சினிமாவும்

மன்னு பண்டாரி பிரபல இந்தி எழுத்தாளர். டெல்லியில் கல்லூரி ஆசிரியையாகவும் இருந்தவர். "ஆப்கா பண்ட்டி" என்று ஒரு நாவல் எழுதினார். தாயும் தந்தையும் பிரிந்துவிட, நடுவில் நின்று தவிக்கும் ஒரு சிறுவனின் கதை அது.

அதைச் சினிமா எடுக்கும் உரிமையை அவர் விற்றார். "சமய் கீ தாரா" என்ற பெயரில் படம் தயாராயிற்று. அதைக் கண்ட எழுத்தாளர் திடுக்கிட்டார். "இது என் கதையே அல்ல. என் பெயரைப் போட்டு இதைக் காட்டினால், என்னைப் படித்தவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்பது அவருடைய மனக்குறை. கோர்ட்டுக்குப் போனார்.

1986-ல் டெல்லி ஐகோர்ட்டு சொன்ன கருத்து முக்கியமானது. நாவலைப் படமாக்கும்போது சில மாறுதல்கள் வேண்டியிருக்கும். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உரிமையை வாங்கிவிட்டோம் என்பதற்காக, மூலக் கதையை அடையாளம் தெரியாமல் உருமாற்ற முடியாது. என்ன ஒப்பந்தம் எழுதினாலும், 57-வது பிரிவுக்கு உட்பட்டுத்தான் அதைப் படிக்க வேண்டும் என்று ஐகோர்ட்டு கூறியது. பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள்.

சென்னை ஐகோர்ட்டிலும் இந்தப் பிரிவு பேசப்பட்டிருக்கிறது. இளையராஜாவின் பாடல்கள் பற்றிய வழக்கில், 2019 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. இசையமைத்தவர் என்ற முறையில் அவருக்குத் தனி தார்மீக உரிமை உண்டு என்று ஐகோர்ட்டு ஏற்றுக்கொண்டது. பணம் யாருக்கு என்ற சண்டை வேறு. அது நீண்ட கதை. நான் அதற்குள் போகவில்லை.

பாம்பாட்டிக்கும் உண்டு

எழுதியவர், செதுக்கியவர் கதை இது. பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் என்ன?

வெகு காலம் அவர்களுக்கு இந்த உரிமை இல்லை. 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 38-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். "பாடியது நான்" என்று சொல்லும் உரிமையும், பாடியதைத் திரித்து நற்பெயரைக் கெடுத்தால் தடுக்கும் உரிமையும் அவர்களுக்கும் வந்தன.

கலைஞர் என்றால் யார் யார்? சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. படிக்கவே சுவையாக இருக்கும். நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நாட்டியக்காரர், கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், மாயாஜாலக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் என்று அது நீள்கிறது.

ஆம்! மகுடி ஊதும் பாம்பாட்டிக்கும், சபையில் கச்சேரி செய்யும் வித்வானுக்கும் சட்டத்தின் முன் ஒரே உரிமைதான். இதை எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக வந்துபோகும் துணை நடிகர்களுக்கு மட்டும் ஒரு குறை உண்டு. திரையில் பெயர் போடும் வழக்கம் இல்லாதவர்கள், பெயரைப் போடு என்று கேட்க முடியாது. ஆனால் அவர்கள் நடித்ததைத் திரித்து மானத்தைக் கெடுத்தால், அவர்களும் கோர்ட்டுக்குப் போகலாம்.

நியாயமான விலக்குகளும் இருக்கின்றன. நேரம் போதாமல் பாட்டைச் சுருக்கினால் குற்றம் இல்லை. பெயர் சொல்ல வசதியே இல்லாத இடத்தில் சொல்லாவிட்டாலும் குற்றம் இல்லை. கல்யாணப் பந்தலில் நாதஸ்வரப் பதிவைப் போடுகிறார்கள். முகூர்த்த நேரத்தில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "வாசித்தவர் இன்னார்" என்று சொல்ல முடியுமா? யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அதே நாதஸ்வரத்தை ஒருவர் செல்போனில் போட்டு, கீழே தன் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறார். பத்து வரி எழுத இடம் இருக்கிறது. வாசித்தவர் பெயரை எழுத மட்டும் இடம் இல்லையா?

வாசித்தவருக்கு அந்தப் பெயர்தான் மூலதனம். பெயர் தெரிந்தால்தான் அடுத்த திருவிழாவுக்கு அழைப்பார்கள். அடுத்த கல்யாணத்துக்கு முன்பணம் வரும். பெயர் தெரியாத வாசிப்பு எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அவர் வீட்டு அடுப்பை எரிக்காது.

யார் பாட்டு?

இந்த விஷயத்தில் நம்மிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது.

"அது எம்.ஜி.ஆர். பாட்டு" என்கிறோம். "இது சிவாஜி பாட்டு" என்கிறோம். எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமாக இருப்பார். பாடியவர் டி.எம்.சௌந்தரராஜனாக இருப்பார். வாயசைத்தவர் பெயரில் பாட்டு நிற்கிறது!

அன்பில் சொல்வதுதான். தவறு என்று சண்டைக்கு வரமாட்டேன். ஆனாலும் அந்தக் காலத்து ரேடியோவில் அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டே கவிஞர்களின் பெயரைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் ஏராளம். இன்று கையில் உள்ள செல்போனில் ஆயிரம் பாட்டுகள் ஓடுகின்றன. பாடியவர் பெயராவது வருகிறது. எழுதியவர் பெயரைப் பல இடங்களில் தேடினாலும் காணோம்.

கிராமத்துக் கலைஞர்களின் நிலை இன்னும் மோசம். நாற்று நடும் பெண்கள் பாடுகிறார்கள். யாரோ படம் பிடிக்கிறார். "கிராமத்துப் பாட்டியின் குரல்" என்று தலைப்புக் கொடுத்து வெளியிடுகிறார். லட்சம் பேர் பார்க்கிறார்கள். அந்தப் பாட்டிக்குப் பெயர் இல்லையா? ஊர் இல்லையா? படம் பிடித்தவர் பெயர் மட்டும் மூலையில் பளிச்சென்று தெரிகிறது.

பாட்டு பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். எழுதியவர் யார் என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் அன்று வயலில் நின்று பாடியது அந்தப் பாட்டிதான். பாம்பாட்டிக்கு உள்ள உரிமை அவருக்கும் உண்டு.

நாட்டுடைமை

பாரதியார் பாடல்களின் உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் அந்த உரிமையை வாங்கியது. பின்னர் பாரதி பாடல்கள் எல்லோருக்கும் பொதுவாயின. அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வாரிசுகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். ஏழை வீட்டுப் பிள்ளையும் மலிவு விலையில் வாங்கிப் படிக்க முடிகிறது.

ஆனால் "நாட்டுடைமை ஆகிவிட்டது, இனி என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று நினைப்பது சரியல்ல. அச்சிடலாம். விற்கலாம். லாபம் பார்க்கலாம். பிடிக்காத பக்கத்தை நீக்கிவிட்டு, முழுப் புத்தகம் போல் விற்கலாமா? எழுதியவர் பெயரைச் சிறியதாகவும், தொகுத்தவர் பெயரைப் பெரியதாகவும் போடலாமா? பொதுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம். கிணற்றைத் தூர்க்க யாருக்கும் உரிமை கிடையாது.

2012-க்கு முன், சிதைத்தால் தடுக்கும் உரிமைக்குக் காலவரம்பு இருந்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். 2012-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே நாட்டுடைமை ஆன எழுத்தாளரின் பேரப்பிள்ளைகள் இன்றும் கேட்கலாம்.

மூக்கை உடைத்தால் குற்றம், முழுவதும் இடித்தால்?

சட்டம் எல்லா இடத்திலும் கைகொடுக்கிறது என்று சொல்ல முடியாது.

டெல்லி பிரகதி மைதானத்தில் "ஹால் ஆப் நேஷன்ஸ்" என்ற கட்டிடம் இருந்தது. 1972-ல் கட்டியது. ராஜ் ரேவல் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த திட்டம். உலகெங்கும் பேசப்பட்ட கட்டிடம். 2017 ஏப்ரல் மாதம் அதை இடித்துத் தள்ளினார்கள்.

ராஜ் ரேவல் கோர்ட்டுக்குப் போனார். 2019-ல் டெல்லி ஐகோர்ட்டு அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. கட்டிடத்தை மாற்றிச் சிதைத்தால் கேட்கலாம். முழுவதும் இடித்துவிட்டால், கெட்டுப்போன கட்டிடம் என்று பார்க்கக்கூட ஒன்றும் மிச்சம் இல்லையே! நிலம் யாருடையதோ அவருக்கு இடிக்கும் உரிமை உண்டு. தீர்ப்பு அந்த வழியில் போயிற்று.

நிலத்துக்காரரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஒரு கட்டிடத்தை எந்தக் காலத்திலும் இடிக்கக்கூடாது என்றால் ஊர் வளராது. ஆனாலும் இடிப்பதற்கு முன் கலைஞருக்குத் தகவல் சொல்ல வேண்டும், படமும் வரைபடமும் எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் யாருக்கு நஷ்டம்? சிலையாக இருந்தால், "எடுத்துக்கொண்டு போகிறாயா?" என்று அவரையே முதலில் கேட்கலாமே!

இறந்தவர் பாடினால்

இப்போது ஒரு புதுப் பிரச்சினை வந்திருக்கிறது. மறைந்த பாடகரின் குரலைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அவர் பாடாத பாட்டைப் பாட வைக்கிறார்கள்.

2024-ல் வெளியான "லால் சலாம்" படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இப்படிச் செய்தார். 1997-ல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-ல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்கள் ஒரு பாட்டில் ஒலித்தன. இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி பெற்றோம், பணமும் கொடுத்தோம் என்று ரகுமான் தெரிவித்தார். செய்ய வேண்டிய முறை அதுதான்.

எல்லோரும் அப்படிக் கேட்பார்களா? அதே ஆண்டில், எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலை அனுமதி இல்லாமல் ஒரு தெலுங்குப் படத்தில் உருவாக்கினார்கள் என்று அவருடைய மகன் வக்கீல் நோட்டீசு அனுப்ப வேண்டி வந்தது.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. எழுத்தாளர் இறந்தால் வாரிசு கேட்கலாம் என்று 57-வது பிரிவில் எழுதியிருக்கிறது. பாடகருக்கான 38-பி பிரிவில் அந்த வாசகம் இல்லை! எழுதியவருடைய பிள்ளைக்கு ஒரு நியாயம், பாடியவருடைய பிள்ளைக்கு ஒரு நியாயமா? ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். பாராளுமன்றம் அதைச் சீக்கிரம் செய்ய வேண்டும். நாளாக நாளாக, எது அவர் பாடியது, எது இயந்திரம் பாடியது என்று பிள்ளைகளாலேயே சொல்ல முடியாமல் போய்விடும்.

கையெழுத்துப் போடுமுன்

எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், ஒப்பந்தத்தை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

2015-ல் ஒரு சினிமா டைரக்டர், படத்தில் தன் பெயர் வர வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார். ஆனால் பெயர் கேட்கமாட்டேன் என்று அவர் ஏற்கனவே சம்மதித்து எழுதிக் கொடுத்திருந்தார். மனமொப்பி விட்டுக் கொடுத்தது செல்லும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சட்டம் கொடுத்த உரிமையை ஒரு கையெழுத்து எடுத்துவிட்டது.

சின்ன எழுத்தில் பத்துப் பக்கம் அச்சடித்துக் கொடுப்பார்கள். "எல்லாம் வழக்கமான ஷரத்துதான். போடுங்கள் கையெழுத்து" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். "பெயர் போட வேண்டியதில்லை", "எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம்" என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அடித்துவிட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழுதி முடித்தவுடனே உரிமை வந்துவிடுகிறது. பதிவு, சாட்சிக்கு உதவும்; அவ்வளவுதான். பழைய நோட்டுப் புத்தகங்களையும் கடிதங்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள். வழக்குப் போட டெல்லிக்கோ பம்பாய்க்கோ ஓட வேண்டியதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மாவட்டக் கோர்ட்டிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஆனால் சேகலின் வழக்கு முடிய 13 வருஷம் ஆயிற்று. டெல்லி சிற்பிக்கே அந்தக் கதி என்றால், கும்மிப் பாட்டுக்காரி எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? பெயரை விட்டுவிட்டார்கள் என்ற புகாருக்கு வருஷக்கணக்கில் சாட்சி விசாரிக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் முடிக்கலாம். அப்படி ஒரு சுருக்கமான வழி வந்தால்தான், ஏழைக் கலைஞருக்கு இந்தப் பிரிவு பயன்படும்.

அதுவரை நம் கையில் இருப்பது செல்போன். வீட்டில் பாட்டி தாலாட்டுப் பாடும்போது பதிவு செய்கிறீர்கள் அல்லவா? பாடி முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். அவருடைய பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.